இருப்புக் கொள்ளாத டீச்சர்

செங்கல் விலை ஏறி, கட்டிக்கொண்டிருந்த வீடுகளெல்லாம் பாதியில் நின்றுபோன வருஷத்தில், ஒன்றாம் வகுப்பு டீச்சர் உட்காருவதை நிறுத்தினார். மூட்டு வலி, இடுப்புப் பிடிப்பு என்று ஒன்றும் இல்லை. டாக்டர் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல கால்களைச் சமீபத்தில் பார்க்கவில்லை என்றார். நிற்கலாம், நடக்கலாம், படுக்கக்கூடச் செய்யலாம். உட்காருவது மட்டும் ஆகவில்லை. நாற்காலியில் உடம்பு பட்ட மாத்திரத்தில் எறும்புப் புற்றில் உட்கார்ந்தவர் மாதிரி எழுந்துவிடுவார். எழுந்தால் கை சும்மா இருக்காது. கை அடங்கினால் நாக்கு பல்லிடுக்கைத் துழாவும். ஊரில் கொஞ்ச நாள் இதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மறுபடி செங்கல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

விஷயம் ஒரு மழைவாரத்தில் தொடங்கியது. விளையாட்டு மைதானம் குளமாகிவிட்டதால் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். ஆறு வயசுப் பிள்ளைகளை நாள் முழுக்க ஓர் அறைக்குள் வைத்திருப்பது தவளைகளைத் தராசில் நிறுக்கிற வேலை. ஒருத்தி பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தாள். ஒருவன் சட்டைக் கையிலிருந்து நூலை உருவி உருவி அரைக்கையாக்கியிருந்தான். ஒருத்தி ஜடை நுனியை விரலில் சுற்றுவதும் விடுவதுமாக இருந்தாள். எல்லோருக்கும் மேலே, 'வால்' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த ஒருவன் வலது தொடையை ஆட்டிய ஆட்டத்தில் பெஞ்சு மொத்தமும் அதிர்ந்து, பக்கத்தில் இருந்தவர்களின் கையெழுத்தெல்லாம் அலை அலையாக வந்தது. டீச்சர் சொல்லிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். கடைசியில் பொறுமையிழந்து அவன் உச்சந்தலையில் கையை வைத்து, "போதும்டா கண்ணு, அசையாம உக்காரு" என்றார். தொடை நின்றது. பையன் கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தான். டீச்சரின் வலது தொடை ஆடத் தொடங்கியது.

முதலில் குளிரென்று நினைத்தார். மறுநாள் பென்சில் கடிப்பவளின் தலையில் கை வைத்தார். அன்று மதியம் தன்னுடைய சிவப்பு மை பேனாவின் மூடியைத் தானே மென்றுகொண்டிருந்ததைக் கண்டார். மழை விடுவதற்குள் வகுப்பில் எல்லாத் தலையும் முடிந்துவிட்டது. பிள்ளைகள் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தார்கள். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் போகாமல் கீழும் இறங்காமல் உருண்டையாக வந்தன. தண்ணீர் பாட்டில் உருளவில்லை, சுண்டு விரலைக் காட்டிக்கொண்டு யாரும் ஓடிவரவில்லை. டீச்சர் கெட்டவரில்லை. ஆடுகிற தலைக்குள் எழுத்து ஏறாது என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை உண்மையாகவே நம்பினார். பிள்ளைகளின் பாரத்தைத் தான் சுமக்கிறோம் என்ற எண்ணத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெருமை யாரை விட்டது.

அவருடைய கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களை உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் தொங்கும் எழுத்துகளைப் பெரியதிலிருந்து சிறியது வரை படிக்கச் சொல்வது அவர் வேலை. அவசரம் என்றால் என்னவென்று அறியாத மனிதர். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. மனைவி வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவதையும், பீரோவின் தலையில் நோட்டுகளை அடுக்கி நின்றபடியே திருத்துவதையும் ஒரு வாரம் பார்த்தார். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு மனைவி நடக்கும் பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசப் பழகிக்கொண்டார். தெருமுனைச் செருப்புக்கடைக்காரர் மாடி கட்டியது நம் வீட்டு டீச்சர் தேய்த்த செருப்புகளால்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார். டீச்சர் சிரிக்க நிற்க மாட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போயிருப்பார்.

பள்ளிக்கூடத்தைச் சோதிக்க மேலதிகாரி ஒருவர் வந்தார். ஒன்றாம் வகுப்பில் நுழைந்தவர், தான் ஏதோ சாவு வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்களே, அதைச் சோதித்துப் பார்க்க உண்மையிலேயே ஒரு குண்டூசியைக் கீழே போட்டார், கேட்டது. போன கையோடு மற்றப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் டீச்சர்களை வரவழைத்து இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அவர்களும் பிள்ளைகளின் தலையில் கை வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பேன்தான் ஏறியது. பெரிய டீச்சருக்கு ஊரெல்லாம் நல்ல பெயர். அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பின் பிரிவுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அடங்காப் பிடாரிகளைத் தேடிப் பிடித்து அந்த அறையில் கொண்டுவந்து விட்டார். முணுமுணுத்தவர் இரண்டாம் வகுப்பு சார் மட்டும்தான். இந்தப் பிள்ளைகள் சொன்னதைச் செய்கிறார்கள், சொல்லாததில் ஒன்றைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறார்கள், பாடம் நடத்துவது சுவரோடு பேசுவது மாதிரி இருக்கிறது என்று அவர் ஆசிரியர் அறையில் சொன்னார். சார் பொறாமையில் பேசுகிறார் என்று மற்றவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

டீச்சருக்கு ஒரே மகள். வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள். பிரிவுகளை ஒன்றாக்கிவிட்டதால், அவள் ஒன்றாம் வகுப்புக்கு வந்தபோது அம்மாவின் அறையைத் தவிர வேறு அறை இல்லை. தன் பிள்ளைக்கு மட்டும் தனிக் கவனிப்பு என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதென்று டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார். அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லி அழைத்துவந்தார். மற்றப் பிள்ளைகள் வாய் தவறி அம்மா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவருடைய மகள் ஒருநாளும் தவறவில்லை. முதல் நாள் காலையில் வரிசையாக ஒவ்வொரு தலையாகக் கை வைத்துக்கொண்டு போனவர், கடைசி பெஞ்சில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே அந்தத் தலையிலும் வைத்தார். மற்றப் பிள்ளைகளின் சேட்டை ஒவ்வொன்றும் அவருக்கு அத்துப்படி. எது யாருடையது, எந்தப் பெஞ்சிலிருந்து எந்த விரலில் வந்து ஏறியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். மகளுடையது என்ன என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அப்போது யாரோ சொன்னார்கள். டீச்சரும் ஆமாம் என்றார்.

வருஷங்கள் போயின. ஒன்றாம் வகுப்பு கழிந்து கழிந்து பிள்ளைகள் பெரியவர்களானார்கள், ஊர் மெல்ல மெல்ல அமைதியானது. வரிசையில் யாரும் முண்டியடிக்கவில்லை. முடிவெட்டுகிற இடத்தில் முறை வந்த பிறகும் சிலர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். காதலித்தவர்கள் சொல்லாமலே இருந்துவிட்டார்கள், சண்டை போட்டவர்கள் நடுவிலேயே விட்டுவிட்டார்கள். பாதி கட்டிய வீடுகள், செங்கல் விலை இறங்கின பிறகும், பாதியாகவே நின்றன. அதனால் என்ன, இருக்கிற அறையில் இருந்துகொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். வேலை தேடியோ வேறெதையும் தேடியோ யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. நல்ல ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிவிட்டுச் சீக்கிரமாகக் கிளம்பிப் போனார்கள். அந்த ஊரின் மொத்தப் பரபரப்பையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு டீச்சர் தெருவில் நடந்தார். தோள் குலுங்கியது, விரல்கள் தாளம் போட்டன, கண் இமை துடித்தது. கையில் கிடைத்த பென்சிலையெல்லாம் சீவிச் சீவி ஒன்றுமில்லாமல் ஆக்கினார். சினிமாக் கொட்டகையில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றபடி படம் பார்ப்பார், பாதியில் வெளியே போய்விட்டு வருவார், கதை என்னவாயிற்று என்று கணவரைக் கேட்பார்.

பாப்பா படித்து முடித்து ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் அவளைப் போல உட்கார்ந்திருக்க ஆளில்லை என்று மேலாளர் பாராட்டினார். இடைவேளைக்குக்கூட எழுந்திருக்க மாட்டாளாம். வீட்டுக்கு வந்தால் கூடத்து நாற்காலியில் உட்காருவாள். தட்டைக் கையில் கொடுத்தால் சாப்பிடுவாள், விளக்கை அணைக்கிற வரை அங்கேயே இருப்பாள். சோகம் என்று சொல்ல முடியாது. கேட்டால் சிரித்த முகமாகத்தான் பதில் சொல்லுவாள். கூடப் படித்தவளின் கல்யாணம், புதுத் துணி, மாடியறை, எதைச் சொன்னாலும் சரி என்பாள், சரி என்றதோடு முடிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கேட்டார்.

"தினமும் அத்தனை பேருக்கு டிக்கெட் குடுக்கறியே, ஒருநாளாவது நாமளும் ஏறி எங்கயாச்சும் போகலாம்னு உனக்குத் தோணினதில்லையா?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "போய்?" என்றாள்.

டீச்சர் சமையலறைக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற பழமொழியைப் பிள்ளையின் படிப்புக்காகத்தான் சொல்லுவார்கள். இது வேறு மாதிரியாக இருந்தது. அன்றைக்கு அவருக்கு வந்த பயம் பிறகு போகவேயில்லை.

அடுத்த மாதம் அந்த வீட்டில் தீப்பிடித்தது. இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வைத்துவிட்டு டீச்சர் வழக்கம்போல வேறெங்கோ நடந்துபோய்விட்டார். துணி கருகி, தீ ஜன்னல் திரையில் ஏறி, கூடத்தில் புகை மூண்டது. கடையிலிருந்து வந்த கணவர் கதவைத் திறந்தபோது மகள் நாற்காலியில் உட்கார்ந்து எரிகிற திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதித் திரை எரிந்து விழுந்து, அவள் காலடியில் விரிப்பு புகைந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி அவளை வெளியே கொண்டுவந்தார். வாழ்க்கையில் அவர் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான் என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். தீயைப் பார்த்தும் ஏன் எழுந்து வரவில்லை என்று தெருவே கேட்டது. மகள் இருமிக்கொண்டே, சூடாகத்தான் இருந்தது, எழுந்திருக்கணும்னு தோணலை என்றாள். டீச்சர் நடுத்தெருவில் வட்டமாக நடந்துகொண்டு அழுதார். நின்று அழக்கூட அவரால் முடியவில்லை. தன் பிள்ளையைக் காப்பாற்றுகிற ஏதோ ஒன்றைத் தானே அவள் தலையிலிருந்து எடுத்துவிட்டோம் என்பதும், அது இந்தக் கைகால் இரைச்சலுக்குள் எங்கோ இருக்கிறது என்பதும் அவருக்கு அப்போது புரிந்தது.

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பது பஸ்ஸில்தான் தெரியவந்தது. அந்தக் காலத்து 'வால்' இப்போது பஸ் ஓட்டினார். ஓட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். பயணிகளும் அவருக்கு ஏற்ற பயணிகள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தீயணைந்து சில நாள் கழித்து, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த டீச்சர் பொறுக்கமாட்டாமல் முன்னால் போனார். பழைய பழக்கத்தில் டிரைவரின் தலையில் கையை வைத்து, "போதும்டா கண்ணு, எழுந்து ஓடு" என்றார். மணியடித்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது சொல்கிற வார்த்தை அது, தலையில் கை வைத்து இதுவரை சொன்னதில்லை. டீச்சரின் வலது தொடை, அந்த மழைவாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஓய்ந்தது. டிரைவரின் தொடை ஆட ஆரம்பித்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஐயையோ என்றார், வண்டியை எடுத்தார். பின்னால் நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

டீச்சர் அன்றே மகளுக்குக் கொடுத்துவிடத்தான் துடித்தார். ஆனால் மகளுடையது எது? தொடையாட்டம், பென்சில் கடி, நூல் உருவல், மூக்கைச் சுளிப்பது, செருப்பைக் கழற்றி மாட்டுவது என்று உடம்பெல்லாம் கலந்து கிடந்தது. மற்றவர்களுடையது எல்லாம் தெரியும், தெரியாதது ஒன்றே ஒன்று. தெரிந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டால் மிச்சமிருப்பது அவளுடையது என்று கணக்குப் போட்டார். யாரும் ஊரை விட்டுப் போகாதது இப்போது உதவியது. பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாக, கடை கடையாகப் போனார். தபால் பிரிப்பவருக்கு நாக்கால் தட்டுவது, மருந்துக் கடைக்காரிக்குப் பென்சில் கடிப்பது, தையல்காரருக்கு நூல் உருவுவது. தையல்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு வேலை பார்க்க வேண்டியதாயிற்று. எல்லோரும் தலையைக் குனிந்து காட்டினார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் சொன்னால் எந்த வயசிலும் கேட்டுவிடுவோம்.

ஒரே ஒரு தடவை தவறு நடந்தது. ஜடை சுற்றுகிறவளுக்குக் கொடுக்க வேண்டியதை, அவசரத்தில், பக்கத்தில் குனிந்துகொண்டிருந்த போலீஸ்காரருக்குக் கொடுத்துவிட்டார். திரும்ப எடுக்கப் பார்த்தார், வரவில்லை. இடம் மாறி விழுந்தது விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் போலீஸ்காரர் போக்குவரத்துக்கு நடுவில் நின்றுகொண்டு இல்லாத ஜடையைச் சுற்றுகிறார். அவருடையதைத் தனியாகக் கொடுத்த பிறகும் இது போகவில்லை. அதற்கப்புறம் டீச்சர் ஜாக்கிரதையானார். வேண்டுமென்றே இடம் மாற்றிக் கொடுத்ததும் ஒன்று உண்டு. சின்ன வயசிலேயே காய்ச்சலில் போய்விட்ட ஒரு பிள்ளை, காது மடலை மடித்து மடித்து விடுவான். அவனுடையது பல வருஷமாக டீச்சரின் இடது காதில் இருந்தது. அவன் அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் தலையைக் குனிந்தார். அடுத்த நிமிஷம் அந்தம்மாவின் கை காதுக்குப் போயிற்று. டீச்சர் வாசல் தாண்டும்வரை அந்தம்மா காதை மடித்து மடித்து விட்டுக்கொண்டு, "இவ்ளோ நாளா உங்ககிட்டயா இருந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் விழித்துக்கொண்டது. பாதி வீடுகளில் சாரம் கட்டினார்கள். முடிவெட்டும் கடையில் என் முறை உன் முறை என்று கைகலப்பு ஆயிற்று. ஒரு மாதத்தில் சில கல்யாணங்கள் கூடின, சில முறிந்தன. நிறைய பேர் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாப்பாவிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, திரும்பி வருவதற்கு வாங்காமல் போனார்கள். ஒன்றாம் வகுப்பு அறை சந்தைக்கடையானது. எழுத்துகள் மறுபடி கோட்டை விட்டு ஏறி இறங்கின. பெரிய டீச்சர் வந்து நின்று கத்தினார், அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் வகுப்பு சார் மட்டும், வருகிற வருஷம் தன் தலையில் என்ன விழப்போகிறது என்று தெரிந்தும், டீச்சரைப் பார்த்துக் கை தட்டினார்.

கடைசியில் டீச்சரிடம் இரண்டு மிஞ்சின. ஒன்று மகளுடையது, மற்றது டீச்சருடையதேதான். தனக்கென்று ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்க்கவேயில்லை. முதலாவது, குதிகால் தரையில் படியாதது: எப்போதும் நுனிக்காலில், கதவைப் பார்த்துக்கொண்டு, இதோ கிளம்பிவிட்டேன் என்கிற மாதிரி. இரண்டாவது சின்னது: ஒரு பாதத்தால் இன்னொரு பாதத்தை மெல்லத் தேய்த்துக்கொண்டே இருப்பது. எது யாருடையது? தவறினால் திரும்ப வராது. பல நாள் யோசித்தார். பழைய பாடப் புத்தகங்களில், குழந்தைகளின் இயல்பு என்ற பகுதியைப் படித்தார். பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றவில்லை. பிள்ளைகளைப் பற்றிய கேள்வி என்றால் அந்த வீட்டில் பதில் சொல்லுகிறவர் டீச்சர்தான், கேட்டுக்கொள்கிறவர் கணவர். முடிவில் டீச்சருக்கே உரிய புத்தியால் தீர்மானித்தார். நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறவளுக்குத்தான் காலைக் காலால் தேய்த்துக்கொள்கிற பழக்கம் வரும். ஆகவே தேய்ப்பது என்னுடையது. கிளம்பு கிளம்பு என்று நுனிக்காலில் நிற்பது சின்னப் பிள்ளையின் குணம், எத்தனை பார்த்திருக்கிறோம். ஆகவே அது அவளுடையது.

மகள் வழக்கம்போல நாற்காலியில் இருந்தாள். டீச்சர் இந்தத் தடவை முன்னால் வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியோரம் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. உச்சந்தலையில் கையை வைத்தார். சொன்னால் அவள் போய்விடுவாள் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. ஆனாலும் எரிகிற திரைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. "போதும்டா கண்ணு, எழுந்து ஓடு" என்றார்.

மகள் எழுந்தாள். குதிகால் தரையில் படவில்லை. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், எவ்வளவு சின்ன வீடு இது என்று ஆச்சரியமாகச் சொன்னாள். அந்த வாரமே தன் டிக்கெட்டைத் தானே கிழித்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து ரயிலேறிவிட்டாள். அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே ரயில் எப்போது வரும் என்று எட்டி எட்டிப் பார்த்தாள். ரயில் போனபின் டீச்சர் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்திருக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் எல்லோரையும் போல உட்கார்ந்தார். ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது, கடையிலிருந்து வந்த கணவர் வாசலிலேயே நின்று மேசைக்கடியில் அவர் பாதங்களைப் பார்த்தார். வலது பாதம் இடது பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இது பாப்பாவோடதாச்சே" என்றார். "சின்னதுல நான் தூங்க வைக்கறப்ப இப்படித்தான் தேச்சுக்கிட்டே இருப்பா. நின்னுடுச்சுன்னா தூங்கிட்டான்னு அர்த்தம்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் அவள் எடுத்துக்கொண்டு போனது என்ன என்று கேட்டார். கணவர் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, அது உன்னோடது, கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், எனக்கு அந்தக் குதிகாலைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும் என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று டீச்சர் கேட்கவில்லை. இவர் அன்றைக்கே கேட்டிருந்தால் அவர் அன்றைக்கே சொல்லியிருப்பார். இருவரும் சாப்பிட்டார்கள்.

மகள் அங்கங்கே வேலை பார்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். ஒரு இடத்தில் ஹோட்டலில் துணி மடித்தாள், ஒரு இடத்தில் ஆப்பிள் பறித்தாள். வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணுவாள். அந்தக் குதிகால் யாருடையது என்று டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தார். குரல் கரகரப்பாகவும் சந்தோஷமாகவும் மாறியிருந்தது. ஒரு தடவை பேசும்போது பின்னால் காற்று இரைந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு" என்றாள். "எந்த ஊருக்குப் போறேன்னு எனக்கே தெரியறதில்ல. கால் தானாப் போகுது. ஏதோ ஒரு இடத்துக்கு வந்ததும் குதிகால் கீழ படியுது. ரெண்டு நாள் நல்லாத் தூங்கறேன், அப்புறம் மறுபடி கிளப்புது. இதெல்லாம் நீ போகணும்னு நினைச்ச ஊராம்மா?"

வேலை கிடைப்பதற்கு முன்னால், பயிற்சிப் பள்ளி விடுதியில், பழைய காலண்டர் படங்களைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் பார்த்துக் கிடந்த ஒரு பெண் டீச்சருக்கு ஞாபகத்துக்கு வந்தாள். வேலை உத்தரவு வந்ததும் அவள் படங்களைக் கிழித்துப் போட்டுவிட்டாள். அவளைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

"இப்ப எங்க நிக்கறே?" என்று கேட்டார்.

"துறைமுகத்துக்கு இறங்கற படிக்கட்டுல."

"இறங்கி எடது பக்கமாப் போ. மீன் கூடை அடுக்கியிருக்கும். அதைத் தாண்டினா ஒரு நீளச் சுவர் கடலுக்குள்ள போகும். அது முடியற வரைக்கும் நட."

"முடியற எடத்துல என்னம்மா இருக்கு?"

"படத்துல அதோட முடிஞ்சிருச்சு. நீ போய்ப் பாத்துச் சொல்லு."

போனில் காலடிச் சத்தம் கேட்டது. படிக்கட்டில் இறங்கி, கல்லில் நடந்து, காற்றுக்குள் போயிற்று. டீச்சர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு பாதத்தால் இன்னொரு பாதத்தைத் தேய்த்தபடி காத்திருந்தார்.